பள்ளமும் சரிவும்: பிஷப் பாலையின் இரண்டு பாறைக்களங்கள்

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடருக்கும் வெள்ளை மலைகளுக்கும் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் சியரா தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்கிறது. கிழக்கே மிஞ்சுவது பாலை. அந்தப் பள்ளத்தாக்கின் வடகோடிக்கு அருகில் பிஷப் என்ற சிற்றூர். நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆண்டின் சராசரி மழை 13 செ.மீ. அளவுதான். அக்டோபர் பிறந்ததும் முதுகில் மடித்த மெத்தையோடு ஆட்கள் இங்கே வந்து இறங்கத் தொடங்குவார்கள். ஏப்ரல் வரை அந்த வரத்து ஓயாது.

அவர்கள் வருவது போல்டரிங் என்ற பாறையேற்றத்துக்காக. கயிறு கிடையாது, இடுப்பு வார் கிடையாது. ரப்பர் அடி வைத்த இறுக்கமான காலணி, வியர்வையை உறிஞ்ச விரலில் பூசும் வெள்ளை மெக்னீசியம் கார்பனேட் பொடி, விழுந்தால் தாங்கக் கீழே விரித்த நுரை மெத்தை, பக்கத்தில் கை நீட்டி நிற்கும் ஒரு நண்பர். சாதனம் இவ்வளவுதான். பெரும்பாலான ஏற்றங்கள் பத்துப் பதினைந்து அசைவுகளில் முடிந்துவிடும். அந்தப் பத்து அசைவுகளுக்காகக் குளிர்காலம் முழுவதையும் ஒரே கல்லின் அடியில் கழிப்பவர்கள் உண்டு.

பிஷப்பைச் சுற்றி ஏறுகளங்கள் பல. பேர்பெற்றவை இரண்டு. ஊருக்கு மேற்கே, சியராவின் அடிவாரத்தில் ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் பட்டர்மில்க்ஸ். பனி மூடிய சிகரங்களைப் பின்னணியாகக் கொண்ட திறந்த சரிவில் வீட்டளவு பெரிய பாறைகள் நிற்கும் இடம் அது. ஊருக்கு வடக்கே, எரிமலைச் சாம்பலால் ஆன மேட்டுச் சமவெளியின் ஓரத்தில் ஒரு சின்னப் பிளவு. அதற்கு ஹேப்பி போல்டர்ஸ் என்று பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. வண்ண அட்டைகளிலும் திரைப்படங்களிலும் இடம்பிடித்தது சரிவுதான். பிஷப் என்றதும் ஏறுபவர்களின் மனம் பட்டர்மில்க்ஸுக்கே ஓடுகிறது. ஹேப்பி போல்டர்ஸ் பள்ளத்தை உடம்பைச் சூடேற்றும் இடம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். இந்த வரிசை தவறு என்று நினைக்கிறேன். ஏறுதல் என்ற கலை என்ன என்பதைச் சொல்லிக்கொடுப்பதில் அந்தப் பள்ளம் சரிவைவிடத் தெளிவான ஆசிரியர். காரணம் கல்லிலேயே இருக்கிறது. அதனால் கல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஏறத்தாழ 7,60,000 ஆண்டுகளுக்கு முன், பிஷப்புக்கு வடமேற்கே நிலத்தடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு பெருவெடிப்பாக வெளியே வந்தது. 600 கன கிலோமீட்டர் அளவுக்குப் பொருள் வெளியேறியது என்று மதிப்பிடுகிறார்கள். உள்ளே வெற்றிடமானதும் மேல்கூரை இடிந்து விழுந்தது. அப்படி உண்டான லாங் வேலி பெருவாய் 32 கி.மீ. நீளமும் 17 கி.மீ. அகலமும் கொண்டது. மேலே கிளம்பிய சாம்பல் காற்றோடு கிழக்கே நெப்ராஸ்கா வரை போய்ப் படிந்தது. தரையோடு பாய்ந்த கொதிக்கும் சாம்பலும் நுரைக்கற்களும் பள்ளத்தாக்கில் தடித்த படலமாக இறங்கின. அந்தச் சூட்டிலும் தன் எடையிலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகின. இதுதான் பிஷப் டஃப். ஹேப்பி போல்டர்ஸ் முழுக்க இந்தக் கல்தான். மேட்டுச் சமவெளியின் ஓரத்தைக் காலம் அரித்து ஆழமில்லாத ஓர் இடுக்கை உண்டாக்கியது. அதன் இரு விளிம்புகளிலிருந்தும் உடைந்து உருண்ட துண்டங்கள் அடியில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

பட்டர்மில்க்ஸின் கல்லுக்கு அவசரமே தெரியாது. அது குவார்ட்ஸ் மான்சோனைட், கருங்கல்லின் நெருங்கிய உறவு. டைனோசர்கள் உலவிய காலத்தில் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் குழம்பாக நின்று, மிக மெதுவாகக் குளிர்ந்த கல். மெதுவாகக் குளிர்ந்ததால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்தன. பிறகு மேலிருந்த பாறையெல்லாம் தேய்ந்துபோய், மலையும் எழும்பி, இவை வெளிச்சத்துக்கு வந்தன. ஒன்று மூடிய ஆழத்தில் பொறுமையாக இறுகியது. மற்றது திறந்த வெளியில் பாய்ந்து வந்து படிந்த வேகத்திலேயே இறுகியது. இந்த வேறுபாட்டை ஏறுபவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விரல் வைத்ததும் தெரிந்துவிடும்.

டஃபின் உடலில் சிக்கியிருந்த நுரைக்கற்கள் நாளடைவில் உதிர்ந்து குழிகளை விட்டுச்சென்றன. சில குழிகளில் ஒரு விரல்தான் நுழையும், சிலவற்றில் முழுக் கையும் புதையும். நல்ல முகப்பு ஒன்றின் முன் நின்றால் பணியாரக்கல்லை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். குழிகளோடு, மேல்தோல் உடைந்த இடங்களில் உள்நோக்கி வளைந்த விளிம்புகளும் உண்டு. விரல்கள் அவற்றில் கொக்கியாக மாட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட பிடிகள் இருப்பதால்தான் முன்னோக்கிச் சாய்ந்த பாறையிலும், குகைக் கூரையிலும்கூட இங்கே ஏற முடிகிறது. சாய்ந்த பாறையில் முழு உடம்பும் வேலை செய்தாக வேண்டும். இடுப்பைத் திருப்பிப் பாறையோடு ஒட்ட வைக்க வேண்டும், குதிகாலை ஒரு விளிம்பில் மாட்டி இழுக்க வேண்டும், வயிற்றுத் தசையை இறுக்கினால்தான் கால் பிடியை விட்டு வழுக்காது. கை வலிமை மட்டும் கொண்டவர் நாலாவது அசைவிலேயே தொங்கிப்போவார்.

மான்சோனைட்டில் குழிகள் அரிது. அங்கே பிடி என்பது பெரும்பாலும் வெளித்தோலின் மெல்லிய தகடு ஒன்றின் ஓரம், அல்லது ஒரு படிகத்தின் கூர்முனை. நகக்கண் அளவே இடம் கிடைக்கும். கால் வைக்கப் படிகங்களின் சொரசொரப்பு மட்டுமே துணை. ரப்பரைச் சரியான கோணத்தில் அழுத்தி, அது நிற்கும் என்று நம்பி உடல் எடையை முழுவதுமாக அதன்மேல் மாற்ற வேண்டும். பாதி நம்பினால் வழுக்கிவிடும். இந்த ஒரு பாடத்தில் சரிவை வெல்லப் பள்ளத்தால் முடியாது. குழிகளில் மட்டும் பழகியவர்கள் காலைச் சோம்பலாக வைக்கப் பழகிவிடுகிறார்கள். பட்டர்மில்க்ஸின் ஒரு சாதாரண சாய்தளப் பாறை அந்தச் சோம்பலை ஒரு காலைப் பொழுதிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

விரல்தோலுக்கு இரண்டுமே பகைதான், வெவ்வேறு விதத்தில். டஃபின் குழி விளிம்புகள் விரலின் மடிப்புகளில் கீறும். படிகங்கள் நுனித்தோலை மெல்ல அரைத்துத் தீர்க்கும். மான்சோனைட்டில் தோல் தீர்ந்துபோனால் வலிமை இருந்தும் பயனில்லை, அன்றைய நாள் முடிந்தது.

இனி உயரம். பட்டர்மில்க்ஸின் புகழ் உயரத்தில் இருக்கிறது. கிராண்ட்பா பீபாடி, கிராண்ட்மா பீபாடி என்று அழைக்கப்படும் இரண்டு பாறைகள் அங்கே பக்கம் பக்கமாக நிற்கின்றன. கிராண்ட்பாவின் முகப்பு ஏறத்தாழ 15 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் எந்த மெத்தையும் முழுமையாகக் காப்பாற்றாது. 2002-இல் ஜேசன் கேல் அதில் ஈவிலூஷன் என்ற தடத்தைத் திறந்தார். 2009-இல் கெவின் ஜோர்கெசன் ஆம்ப்ரோஷியாவை ஏறினார். அலெக்ஸ் ஹொனால்ட் 2012-இல் டூ பிக் டு ஃப்ளெய்ல் தடத்தை ஏறி முடித்தார். பின்னர் நீனா வில்லியம்ஸ் இந்த உயரமான தடங்களை ஒவ்வொன்றாக ஏறி, இது ஆண்களுக்கான களம் என்ற எண்ணத்தைக் காலி செய்தார். 2000-ஆம் ஆண்டில் கிறிஸ் ஷர்மா ஏறிய தி மண்டலா இவற்றைவிடத் தாழ்வானது. ஆனாலும் இந்த ஏறுதலை உலகம் முழுவதும் இளைஞர்கள் கனவு காணும்படி செய்த தடங்களில் அதற்கு முன்வரிசை இடம் உண்டு.

இந்தச் சாதனைகளின் மேல் எனக்கு இருப்பது முழு மரியாதை. ஆனால் அவை அளப்பது என்ன என்று பார்க்க வேண்டும். 12 மீட்டர் உயரத்தில் ஒருவர் செய்யும் அசைவு பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே கைவந்த அசைவு. தரைக்கு அருகே அதைவிடக் கடினமானதைப் பல நூறு முறை செய்து பழகியிருப்பார். பலர் மேலிருந்து கயிற்றில் தொங்கி அந்தப் பிடிகளைத் துடைத்து, ஒத்திகை பார்த்த பிறகே கயிறின்றி ஏறுகிறார்கள். உயரத்தில் சோதிக்கப்படுவது மனத்தின் அமைதி. கற்றல் அதற்கு முன்பே, வேறோர் இடத்தில் நடந்து முடிந்திருக்க வேண்டும்.

அந்த வேறோர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தால் ஹேப்பி போல்டர்ஸின் இலக்கணமே கிடைக்கும். கற்றலுக்கு விழ வேண்டும், நிறைய விழ வேண்டும். ஓர் அசைவை உடல் புரிந்துகொள்ள அதே இடத்தில் மறுபடி மறுபடி தோற்றாக வேண்டும்: இடுப்பை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்திப் பார்ப்பது, கட்டைவிரலை அழுத்தும் கோணத்தை மாற்றுவது, மூச்சை விடும் நேரத்தை மாற்றுவது. பயம் வந்துவிட்டால் இந்தப் பரிசோதனை நின்றுவிடும். பயந்த உடம்பு தெரிந்ததையே செய்யும், புதிதாக ஒன்றும் முயலாது. பள்ளத்தின் பாறைகளில் பெரும்பான்மை மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் அடங்குபவை. கடினமான அசைவு பெரும்பாலும் தரைக்கு அருகில் வரும். இரண்டு மெத்தைகளும் கவனமாக நிற்கும் ஒரு துணையும் இருந்தால் ஒரு பிற்பகல் முழுவதும் தோற்கலாம். தோற்றவர் எழுந்து, பொடியைப் பூசிக்கொண்டு, திரும்பவும் பாறையடிக்குப் போகிறார்.

விதிவிலக்குகளை மறைக்கக் கூடாது. பள்ளத்திலும் உயரம் உண்டு. ஹெவன்லி பாத் என்ற தடம் V1 தரத்தது. பிடிகள் கை நிறைய இருக்கும், ஆனால் பாறை உயர்ந்துகொண்டே போகும், பாதியில் நடுங்கியவர்கள் ஏராளம். அட்டாரி என்ற விளிம்புத் தடத்தில் விழும் இடம் சமதளம் இல்லை. மறுபக்கம் பட்டர்மில்க்ஸிலும் தாழ்வான தடங்கள் பல இருக்கின்றன. அயர்ன்மேன் டிராவர்ஸ் தரையை ஒட்டிப் பக்கவாட்டில் நகரும் V4 தடம், குழந்தைகள்கூட அதன் தொடக்கத்தில் தொங்கி விளையாடலாம். இருந்தாலும் ஓர் இடத்தின் குணத்தை அதன் பெரும்பான்மைப் பாறைகள் தீர்மானிக்கின்றன. பள்ளத்தில் அச்சம் விதிவிலக்கு. சரிவில் தாழ்வான கல்லில் தொங்கும்போதும் பின்னால் அந்த இரண்டு பெரும்பாறைகளும் நிற்கின்றன.

V என்ற இந்தத் தர அளவீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்சாஸின் ஹுவேக்கோ டாங்க்ஸ் பாறைகளுக்காக ஜான் ஷெர்மன் 1991-இல் வெளியிட்ட கையேட்டின் வழியாகப் பரவியது இது. V0-இல் தொடங்கி V17-ஐ எட்டியிருக்கிறது. அசைவின் கடினத்தை மட்டுமே அது சொல்லும். ஹெவன்லி பாத்தின் V1-க்கும் தரையோரத்து V1-க்கும் இடையிலான தூரத்தை அந்த எண் சொல்லாது. பள்ளத்தில் இந்த எண்களை நம்பிப் போகலாம், ஏனென்றால் அங்கே கடினம் என்றால் பெரும்பாலும் அசைவின் கடினமே. செரங்கெட்டி V5, ஹல்க் V6, சாலிடேர் V8 என்று ஒருவர் தன் வளர்ச்சியைப் படிப்படியாக அளந்து பார்க்க முடியும். பட்டர்மில்க்ஸில் ஹை பிளெய்ன்ஸ் டிரிஃப்டரின் V7 என்ற எண்ணைப் படித்துவிட்டுப் போனவருக்கு, மேல்பகுதியில் நிற்கும்போது அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை என்பது புரியும்.

இரண்டு களங்களின் வரலாறும் இதே வழியில் பிரிகிறது. பட்டர்மில்க்ஸை முதலில் கண்டடைந்தவர்கள் மலையேறிகள். ஸ்மோக் பிளாஞ்சார்ட் என்ற லாரி ஓட்டுநர், 1915-இல் பிறந்து 1989-இல் மறைந்த மலைமனிதர், அந்தப் பாறைகளின் ஊடே நீண்டதொரு சுற்றுப்பாதையை வகுத்துக்கொண்டு, ஏறி இறங்கி, தாவி, தவழ்ந்து பல்லாண்டுகள் போய்வந்தார். எண்ணோ தரமோ அவருக்குத் தேவைப்படவில்லை. நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போவார். உயர்ந்த மலைக்குப் போவதற்கு முன் கால்களைத் தயார்செய்யும் இடம் அது.

ஹேப்பி போல்டர்ஸ் ஏறுகளமானது 1990-களில்தான். இத்தனை அருகில் இருந்தும் ஏன் அவ்வளவு தாமதம்? கீழே சாக் பிளஃப் சாலையில் போகிறவர் கண்ணுக்கு அங்கே வெறும் மேட்டின் ஓரம்தான் தெரியும். பத்து நிமிடம் செங்குத்தாக ஏறி நடந்த பிறகே பள்ளம் வாய் திறக்கும். மலையேறிகளின் பார்வையும் எப்போதும் மேற்கே, சிகரங்களின் பக்கமே இருந்தது. இன்னொரு காரணத்தையும் சேர்ப்பேன். நுரை மெத்தை விற்பனைக்கு வந்தது 1990-களின் தொடக்கத்தில். அதற்கு முன் உருண்டு கிடக்கும் கற்களுக்கு நடுவே, முன்சாய்ந்த பாறையிலிருந்து முதுகு கீழாக விழுவதை யார் விரும்புவார்? மெத்தை வந்ததும் விழுவது பயிற்சியின் ஒரு பகுதியானது. அதே காலத்தில் நகரங்களில் செயற்கைச் சுவர்களில் பழகிய தலைமுறை ஒன்று வளர்ந்துவந்தது. சாய்ந்த சுவரும் கைநிறையப் பிடியும் அவர்களுக்குத் தாய்மொழி. அவர்களுக்கு ஏற்ற கல் பள்ளத்தில் காத்திருந்தது.

பள்ளம் என்ற வடிவமே இன்னொரு வேலையும் செய்கிறது. பாலையின் குளிர்காலத்தில் காற்று எலும்பைக் குத்தும். பட்டர்மில்க்ஸின் திறந்த சரிவில் அதற்கு மறைப்பு இல்லை. ஆனால் குளிர்ந்து உலர்ந்த காற்றில்தான் ரப்பரும் தோலும் படிகத்தை நன்றாகப் பற்றும் என்பதால், கடினத் தடம் ஏறுபவர்கள் அந்தக் குளிரைத் தேடியே போகிறார்கள். ஹேப்பி போல்டர்ஸ் ஏறத்தாழ 600 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. இரு விளிம்புகளும் காற்றைத் தடுக்கும். ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போது எதிர்ப்பக்கம் நிழல் கிடைக்கும். டிசம்பரில் வெயிலைத் துரத்தலாம், மார்ச்சில் நிழலைத் துரத்தலாம்.

இடம் குறுகல் என்பதால் ஒருவர் ஏறுவது எல்லோர் கண்ணிலும் படும். தெரியாத ஊர்க்காரர்கள் தங்கள் மெத்தையை இழுத்து வந்து உங்கள் மெத்தையின் பக்கத்தில் போடுவார்கள். வலக்காலை இன்னும் மேலே வைத்துப் பார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். முதல் நாள் வந்தவளும் இருபதாண்டு ஏறியவரும் ஒரே பாறையின் இரு பக்கங்களில் இருப்பார்கள். நாடகக் கொட்டகை போன்ற பட்டர்மில்க்ஸில் கிராண்ட்பாவின் அடியில் கூட்டம் கூடும்போது, பெரும்பாலோர் பார்வையாளர்களே. பள்ளத்தில் பார்வையாளர் என்று தனியாக ஒருவர் இல்லை, அடுத்த முறை அவர்தான் ஏற வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏறுபவரின் கணக்கு. நிலத்தின் கணக்கு வேறு. ஓவன்ஸ் பள்ளத்தாக்கு பையூட் மக்களின் தாயகம்; அவர்கள் தங்களை நூமூ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மலையோடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, பிஷப்புக்கு அருகிலிருந்த புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சிக் கிழங்குகளை விளைவித்தவர்கள். 1863-இல் அமெரிக்க ராணுவம் அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்தியே ஓட்டிச்சென்றது. பலர் திரும்பி வந்தார்கள், ஆனால் நிலமும் நீரும் கைமாறியிருந்தன. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பள்ளத்தாக்கின் நிலத்தை வாங்கிக் குவித்து, வில்லியம் மல்ஹாலண்ட் தலைமையில் கட்டி 1913-இல் திறந்த கால்வாய் வழியாக நீரைக் கொண்டுபோனது. 1920-களிலேயே ஓவன்ஸ் ஏரி வறண்டது. ஏறுபவர்கள் ரசிக்கும் இந்த வெறிச்சோடிய வெளி ஓரளவு அந்தக் கொள்முதலின் விளைவு. நகரத்தின் கையில் நிலம் இருந்ததால் இங்கே வீட்டு மனைகள் பெருகவில்லை. மனதை உறுத்தும் உண்மை இது.

எரிமலை மேட்டுச் சமவெளியில் நூமூ முன்னோர் டஃபின் கருத்த தோலைக் கொத்திச் செதுக்கிய உருவங்கள் பல இடங்களில் இருக்கின்றன. 2012 இறுதியில் அப்படிப்பட்ட சில பாளங்களைத் திருடர்கள் இயந்திர வாளால் அறுத்து எடுத்துப்போனார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவை மீட்கப்பட்டன. அறுத்த காயம் பாறையில் அப்படியே இருக்கிறது. ஏறுபவர்கள் செய்த குற்றம் இல்லை அது. இருந்தாலும் அதே கருத்த தோலில்தான் அவர்களும் விரல் வைக்கிறார்கள். செதுக்கல் உள்ள பாறையையும் அதன் சுற்றுப்புறத்தையும் முழுவதுமாக விட்டுவிட வேண்டும், அங்கே எவ்வளவு அழகான தடம் இருந்தாலும் சரி. இதில் பேரம் இருக்கக் கூடாது.

பராமரிப்பிலும் இரண்டு களங்களுக்கும் வேறுபாடு உண்டு. பட்டர்மில்க்ஸ் இன்யோ தேசியக் காட்டின் பொறுப்பில் வருகிறது. ஹேப்பி போல்டர்ஸ் நில மேலாண்மைத் துறையின் கையில். சரிவில் முக்கியச் சிக்கல் வாகனங்களும் கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பதும், பாலைப் புதர்களை மிதித்து உண்டாகும் புதுப்புதுப் பாதைகளும். பள்ளத்தில் இடம் குறுகல், மண் தூள் தூளாக உதிர்வது. பாறையடியில் மெத்தையை இழுத்து இழுத்துத் தரையே தாழ்ந்துவிடுகிறது. பிடி தெரிவதற்காகப் போடும் பொடிக் கோடுகளை மழை குறைந்த ஊரில் வானம் கழுவாது, போட்டவர்தான் துடைக்க வேண்டும். டஃபின் வெளித்தோல் இறுகியது, உட்புறம் வெளிறி மென்மையானது. ஒரு விளிம்பு உடைந்தால் அடியில் மணல்போல உதிரும் கல்தான் இருக்கும். அந்தத் தடம் அத்தோடு வேறொன்றாகிவிடும். கற்பவர்கள் அதிகம் வரும் களமே சீக்கிரம் தேயும் கல்லால் ஆனது என்பதுதான் இதில் கவலைக்குரியது. புகழின் காரணமாகப் பட்டர்மில்க்ஸுக்குக் கிடைக்கும் அக்கறையில் பாதியாவது பள்ளத்துக்குத் திரும்ப வேண்டும்.

பாலையில் மழை அரிது, ஆனால் பெய்யும். குளிர்காலப் புயல் ஒன்று சியராவைத் தாண்டிவிட்டால் ஒரே இரவில் இரண்டு களங்களும் நனையும். மறுநாள் காலை வானம் வெளுத்திருக்கும், விடுமுறை எடுத்து வந்தவர்களுக்குக் கை பரபரக்கும். மான்சோனைட் இறுகிய படிகக் கல், வெயிலும் காற்றும் பட்டால் விரைவில் உலர்ந்துவிடும். பனி கிடக்காத முகப்புகளில் ஏறலாம். டஃப் துளை நிறைந்த கல். மேலே உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கும், ஈரமான டஃபின் பிடிகள் எளிதில் உடையும். அப்படிப்பட்ட நாட்களில் சரிவுக்குப் போகலாம், அல்லது ஊரில் உட்கார்ந்து விரல்களுக்கு ஓய்வு தரலாம். பள்ளத்தின் மண்ணைக் கையில் அள்ளினால் அது உதிரியாக, ஈரமில்லாமல் ஆகும்வரை அங்கே மெத்தையை விரிக்கக் கூடாது.